எண்ணும் கண்ணும்: லேசர் ஒளியால் பற்சூத்தை காண்பது பற்றி

(எமது சங்கத்தின் நூற்றாண்டுச் சொற்பொழிவுத் தொடரில், பல் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இத்தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் கல்வி, இசை, கல்லூரியின் வரலாறு என்று பெரிய விடயங்களை எடுத்துக்கொண்டார்கள். பல்லைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவள் நான் ஒருத்திதான். அதுவும் தேநீருக்குச் சற்று முன்னர். பக்கத்து அறையில் கேசரி தயாராக இருப்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

நூற்றாண்டு நினைவாகக் கல்லூரியின் பற்சிகிச்சை அறைக்கு, பற்சூத்தையை லேசர் ஒளியால் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அன்பளிப்பாகத் தரலாமா என்று எமது வெளிநாட்டுக் கிளையொன்று கேட்டிருந்தது. செயலாளர் அக்கடிதத்தை எனக்கு அனுப்பி, “அக்கா, ஓமெண்டு எழுதட்டோ?” என்று கேட்டார். நல்ல மனத்தோடு தரவிருக்கும் பரிசு. அதற்கு ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரியில் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருவதுதான் மரியாதை. வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நண்பிகள் சிலரும் வட்ஸ்அப்பில் இதே கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். “மகளின் பல்லில் பேனை மாதிரி ஒன்றை வைத்தார்கள், 27 என்று காட்டியது, அடைக்க வேண்டும் என்கிறார்கள், அடைக்கட்டோ?” என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே இன்று பேசுகிறேன்.

முதலில் சூத்தை எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம். எங்கள் ஆச்சிமார் பல்லுக்குள் புழு இருக்கிறது என்றார்கள். கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடித்துப் புழு எடுத்த கதைகளை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். புழு இல்லை. பல்லின் மேல் படியும் பசை போன்ற படலத்தில் வாழும் பற்றீரியாக்கள் நாம் உண்ணும் சீனியை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, மிளிரி என்று நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் படித்த பல்லின் வெண்ணிற மேலோட்டிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரைந்து வெளியேறுகின்றன. அமிலம் தணிந்ததும் உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து படிக்கிறது. நாளொன்றுக்குப் பல தடவை நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. இழப்பு கூடினால் சூத்தை. வரவு கூடினால் பல் தானே ஆறும். ஆகவே தொடக்க நிலையில் சூத்தை என்பது குழி அல்ல. மேற்பரப்பு உடையாமலே, அதற்குக் கீழே மிளிரி நுண்துளைகள் நிறைந்ததாக மாறியிருக்கும். இந்த நிலையிலிருந்து அது திரும்பி வரலாம். குழி விழுந்த பிறகு அந்த இடம் தானாக நிரம்பாது.

அந்தத் தொடக்க நிலையைக் கண்ணால் காண முடியுமா? முடியும், ஆனால் பல் உலர்ந்திருக்க வேண்டும். வாசலில் ஈர மாவால் போடும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். போட்ட கையோடு கோடுகள் சரியாகத் தெரியாது. காயக் காய வெள்ளை எழும்பும். பல்லிலும் அப்படியே. மிளிரியின் முறிவுக் குணகம் 1.62, நீருடையது 1.33, வளியுடையது 1. துளைகளுக்குள் நீர் இருக்கும்போது ஒளி அதிகம் சிதறுவதில்லை, பல் முழுவதும் ஒரே மாதிரித் தெரியும். ஐந்து விநாடி காற்றடித்து உலர்த்தினால் துளைகளில் வளி புகுந்து, சோக்குத்தூள் போன்ற வெள்ளைப் புள்ளி வெளிப்படும். ஈரமாக இருக்கும்போதே வெள்ளை தெரிந்தால் பாதிப்பு இன்னும் ஆழம் என்று பொருள். இன்று உலகெங்கும் பல் வைத்திய மாணவர்களுக்குப் படிப்பிக்கும் ஐ.சி.டி.ஏ.எஸ். என்ற கண்பார்வை அளவுமுறை, 0 முதல் 6 வரை சூத்தையைத் தரம் பிரிக்கும்போது இந்த ஈரம், உலர்வு என்ற வேறுபாட்டையே முதற்படிகளில் பயன்படுத்துகிறது. ஐந்து விநாடி காற்றுக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

எங்கள் காலத்தில் கூரான கொக்கி ஊசியால் பல்லின் பள்ளத்தைக் குத்திப் பார்ப்பார்கள், மூத்த அக்காமாருக்கு நினைவிருக்கும். ஊசி ஒட்டிக்கொண்டால் சூத்தை. நூறு ஆண்டுக்கு மேல் இருந்த வழக்கம் அது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூர்முனையே மெலிந்திருந்த மேற்பரப்பை உடைத்துவிடுகிறது என்று. ஆறியிருக்கக்கூடிய இடத்தைக் குழியாக்கும் வேலை. இப்போது முனையில் 0.5 மில்லிமீற்றர் உருண்டை கொண்ட ஆய்வுக்கோலை மெல்லத் தடவிப் பார்க்கும்படி சொல்கிறோம்.

கண்ணுக்கும் எல்லை உண்டு. கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் ஒடுங்கிய பள்ளங்கள் இருக்கின்றன. சிலவற்றின் அடி, தூரிகையின் ஒரு மயிர்கூடப் போக முடியாத ஒடுக்கம். புளோரைட்டுப் பற்பசை பரவலான பிறகு மேலோடு உறுதியாக நிற்க, பள்ளத்தின் அடியால் சூத்தை உள்ளே இறங்கி, மிளிரிக்குக் கீழே இருக்கும் டென்டீன் என்ற மென்மையான பகுதியில் பரவுவதையும் வைத்தியர்கள் கண்டார்கள். மேலே பார்த்தால் ஒரு கறுப்புக் கோடு, உள்ளே பொந்து. இரண்டு பல் ஒட்டும் இடைவெளிச் சூத்தையை எக்ஸ்றே நன்றாகக் காட்டும். பள்ளத்தடிச் சூத்தையை மிளிரியின் தடிப்பு மறைத்துவிடும், ஆழமாகப் போன பிறகே படத்தில் விழும். இந்த இடத்துக்குத்தான் வேறொரு கண் தேவைப்பட்டது.

பல் தானே ஒளிரும் என்பது பழைய செய்தி. 1911இல் ஸ்ரூபெல் என்ற ஜேர்மனியர் ஊதாக் கடந்த ஒளியில் பற்கள் ஒளிர்வதைக் குறித்தார். 1928இல் பெனடிக்ற் என்ற அமெரிக்கர், நல்ல பல்லும் சூத்தைப் பல்லும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை என்ற பக்கம் கவனத்தைத் திருப்பினார். ஒரு நிறத்து ஒளியை உள்வாங்கி அதைவிட நீண்ட அலைநீளத்தில் வேறு ஒளியாக வெளிவிடுவதைத்தான் புளோரொளிர்வு என்கிறோம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. படிக்காதவர்கள், சடங்கு வீட்டு நீல விளக்கின் கீழ் வெள்ளைச் சட்டை பளிச்சிடுவதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஜேர்மனியின் உல்ம் நகரில் ஹிப்ஸ்ற், கல் என்ற இருவர் சிவப்பு ஒளியைப் பல்லில் செலுத்திப் பார்த்தார்கள். அலைநீளம் 655 நனோமீற்றர். நல்ல மிளிரி இந்தச் சிவப்புக்கு மிகக் குறைவாகவே ஒளிர்ந்தது. சூத்தை விழுந்த இடம் கூடுதலாக ஒளிர்ந்தது. காவோ என்ற நிறுவனம் இதை 1998இல் டயக்னோடென்ற் என்ற பெயரில் கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் வயரோடு கூடிய ஒரு பெட்டி. பிறகு பேனை வடிவில் வந்தது. லேசர் என்றதும் வெட்டும், சுடும் என்று பயப்படவேண்டாம். இதன் வலு ஏறத்தாழ 1 மில்லிவாற்று. சொற்பொழிவுகளில் திரையில் சுட்டிக்காட்டும் சிவப்பு விளக்கின் அளவுதான்.

மேற்பயிற்சிக்காக இங்கிலாந்தில் இருந்த ஆண்டில் நான் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். ஒரு சிறு பீங்கான் துண்டில் வைத்து அளவு சரிபார்க்க வேண்டும். பிறகு அதே ஆளின் நல்ல பல்லொன்றில், பெரும்பாலும் முன்பல்லில், வைத்துப் பூச்சியமாக்க வேண்டும்; ஏனென்றால் ஒவ்வொருவரின் பல்லும் இயல்பாகவே கொஞ்சம் வேறு மாதிரி ஒளிரும். அதன்பின் பள்ளத்தில் முனையை வைத்துப் பம்பரம்போல் மெல்லச் சுழற்றிச் சாய்த்துப் பார்க்க வேண்டும். திரையில் 0 முதல் 99 வரை எண் வரும். எண் ஏற ஏற ஒலியும் உயரும். நோவு இல்லை, கதிர்வீச்சு இல்லை. பயந்த பிள்ளைகூட அந்தச் சத்தத்தைக் கேட்கச் சிரித்துக்கொண்டு வாய் திறக்கும். ஒரே பல்லை எத்தனை தடவையும் பார்க்கலாம். கர்ப்பிணியாக இருந்தாலும் யோசிக்கத் தேவையில்லை. இந்தப் பெருமைகளை நான் குறைக்கமாட்டேன்.

அடுத்து எண்ணுக்கு வருவோம். சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் லூசி குழுவினர் இக்கருவியை நீண்டகாலம் ஆராய்ந்தார்கள். அவர்கள் வகுத்த எல்லைகள் ஏறத்தாழ இப்படி: 13 வரை பயமில்லை, 14 முதல் 20 வரை மிளிரியில் தொடக்கம், தடுப்புச் சிகிச்சை போதும், 20களில் ஆளைப் பார்த்து, அவருடைய ஆபத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், 30க்கு மேல் பெரும்பாலும் டென்டீனைத் தொட்டிருக்கும். வேறு ஆய்வாளர்கள் வேறு எல்லைகளைச் சொன்னார்கள். வயரோடு வந்த பழைய கருவியின் எண்ணைப் பேனையின் எண்ணோடு அப்படியே ஒப்பிடவும் கூடாது. ஆகவே 27 என்று ஒருவர் சொன்னால், அது வெப்பமானி 102 காட்டுவது போன்ற திட்டவட்டமான செய்தி அல்ல.

அதைவிட முக்கியமானது, அந்த எண் எதை அளக்கிறது என்பது. பெரும்பாலானோர் பல் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அளக்கிறது என்று நினைக்கிறார்கள். சில பல் வைத்தியர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிவப்பு ஒளிக்கு ஒளிர்வது பிரதானமாகப் பற்றீரியாக்கள் விட்டுச்செல்லும் போர்பிரின் போன்ற பொருட்கள். கரைந்துபோன கல்சியத்தின் கணக்கு அங்கே இல்லை. இதனால் ஒரு வேடிக்கை: விளம்பரங்கள் “மிக ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும்” என்று சொல்கின்றன. பற்றீரியா இன்னும் உள்ளே புகாத அந்த முதல் வெள்ளைப் புள்ளியில் இக்கருவி தடுமாறும். டென்டீன்வரை போன சூத்தையில்தான் அது நன்றாக வேலை செய்யும். ஐந்து விநாடி காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில், முதல் நிலையைக் கண் கூடுதலாகக் காணும்.

இன்னொரு பக்கம், சூத்தையே இல்லாமல் ஒளிரும் பொருட்களும் வாயில் உண்டு. பற்காறை ஒளிரும். பல் துப்புரவு செய்தபோது பள்ளத்தில் எஞ்சிய பசை ஒளிரும். பழைய பல்நிற அடைப்பின் ஓரம், பற்படலம், உணவுத் துணுக்கு எல்லாம் எண்ணை உயர்த்தும். எங்கள் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். நாளுக்கு ஐந்து தடவை தேயிலை குடிப்பவர்கள் நாங்கள். வெற்றிலை போடும் வாயைக் கேட்கவே வேண்டாம். வடமத்திய மாகாணத்தில் கிணற்று நீரில் புளோரைட்டு மிகுந்த இடங்களில் வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புப் படிவுகள் இருக்கும். மிளிரி உருவாகும்போதே குறைபட்ட பற்களிலும் இக்கருவி ஏமாறும். சுத்தம் செய்யாமல், உலர்த்தாமல் வைத்துப் பார்த்த எண்ணை நான் எண்ணாகவே எடுக்கமாட்டேன்.

இனி ஒரு சின்னக் கணக்கு. எங்கள் கணித ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார், பிழைத்தால் சொல்லுவார். விளங்குவதற்காக நானே எடுத்த எண்கள் இவை. நூறு கடைவாய்ப் பற்கள். அவற்றில் பத்தில் உண்மையாகவே ஆழமான சூத்தை இருக்கிறது. கருவி அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடிக்கும் என்று வைப்போம். நல்ல பற்கள் தொண்ணூற்றில் ஐந்தில் ஒன்றைத் தவறாகச் சூத்தை என்று சொல்லும் என்றும் வைப்போம். அப்படியானால் பதினெட்டு. மொத்தம் இருபத்தேழு பற்களில் ஒலி எழும், ஒன்பதுதான் உண்மை. மூன்றில் இரண்டு நல்ல பல். இதே கருவியை நூற்றுக்கு நாற்பதில் சூத்தை உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். முப்பத்தாறைச் சரியாகப் பிடிக்கும், அறுபதில் பன்னிரண்டைத் தவறாகச் சொல்லும். நாற்பத்தெட்டில் முப்பத்தாறு உண்மை. கருவி மாறவில்லை, வாய்கள் மாறின.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கருவி பெரும்பாலும் விற்பனையாவது சூத்தை குறைந்த, வசதியான பகுதிகளில். அங்கேதான் அதன் எச்சரிக்கை அதிகம் பொய்க்கும். சூத்தை மலிந்த இடத்தில் அது கூடுதலாக உண்மை சொல்லும். ஆனால் அங்கே பல குழிகளைக் காணக் கருவியே தேவையில்லை, பிள்ளை வாயைத் திறந்தால் தெரிகிறது. 2004இல் அமெரிக்காவில் பேடர், சுகார்ஸ் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, இக்கருவி கண்ணைவிடக் கூடுதலான சூத்தையைப் பிடிக்கிறது, ஆனால் நல்ல பல்லைச் சூத்தை என்று சொல்வதும் கூட, ஆகவே இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. என் கை அனுபவமும் அதையேதான் சொல்கிறது.

பொய் எச்சரிக்கை வந்தால் என்ன, ஒரு சின்ன அடைப்புத்தானே என்று கேட்கலாம். அடைப்பு சின்னது என்று நினைப்பதில்தான் வில்லங்கம். பல்லைத் துளைத்து அடைத்தால் அந்த அடைப்புக்கு ஓர் ஆயுள் உண்டு. அது ஓரம் விட்டதும் கழற்றி, இன்னும் கொஞ்சம் பல்லை எடுத்து, பெரிய அடைப்பு. பிறகு இன்னும் பெரியது. ஒரு நாள் சுவர் உடையும். வேர்ச் சிகிச்சை, முடி, கடைசியில் பிடுங்கல். பத்து வயதில் தேவையில்லாமல் துளைத்த பல் இந்தப் படிகளில் ஏறத் தொடங்கிவிடுகிறது. நிரந்தரப் பல்லில் சூத்தை மிளிரியைக் கடந்து செல்லப் பெரும்பாலும் ஆண்டுகள் எடுக்கும். ஆகவே சந்தேகமான பல்லைக் காத்திருந்து பார்ப்பது அலட்சியம் ஆகாது, அதுவும் வைத்தியம்தான். திறந்த குழி இருந்தால், இனிப்புப் பட்டு நொந்தால், இரவில் நித்திரை கெட்டால் காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் தங்கைமாருக்கு: எண்ணைக் கேட்டதும் சரி என்று தலையாட்டவும் வேண்டாம், சண்டை பிடிக்கவும் வேண்டாம். பல்லைத் துப்புரவாக்கி உலர்த்திவிட்டுத்தான் அளந்தீர்களா என்று பண்போடு கேளுங்கள். உலர்ந்த பல்லைக் கண்ணால் பார்த்தபோது என்ன தெரிந்தது, எக்ஸ்றேயில் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். மேற்பரப்பு உடைந்திருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. உடையவில்லை என்றால், பள்ளத்தை மூடும் பூச்சுப் போட்டு அல்லது புளோரைட்டு வார்னிஷ் பூசி, மூன்று நான்கு மாதம் கழித்து அதே கருவியின் அதே முனையால் திரும்ப அளக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே கருவி ஒரே பல்லில் தரும் எண்கள் பெரிதாக மாறுவதில்லை. ஒரு நாளின் 27ஐவிட, வைகாசியில் 27, ஐப்பசியில் 26, மறுவருடம் 25 என்ற வரிசைக்குப் பொருள் அதிகம். 27, 35, 48 என்று ஏறினால் அப்போது துளைப்பதற்கு நியாயம் இருக்கிறது. நேர்மையான வைத்தியர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். நான் பட்டதில்லை.

வார்னிஷ் என்றேன். அது நூற்றுக்கு ஐந்து வீதம் சோடியம் புளோரைட்டுக் கலந்த ஒரு பிசின்; மில்லியனுக்கு 22,600 பங்கு புளோரைட்டு அதில் உண்டு. வீட்டுப் பற்பசையில் 1000 முதல் 1450வரை இருப்பது வழக்கம். பெட்டியின் பக்கத்தில் போட்டிருப்பார்கள், வாங்கும்போது பாருங்கள். தீட்டியபின் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து அந்தப் புளோரைட்டைக் கழுவி ஊற்றாதீர்கள். எங்கள் வீடுகளில் மூன்று செம்பு தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால்தான் வாய் சுத்தம் என்று நம்பிக்கை. அதை மாற்றக் கொஞ்சம் சிரமம். பள்ளத்தை மூடும் பூச்சு, சூத்தை தொடங்கிய ஆனால் உடையாத பள்ளத்தின் மேலேயே போடக்கூடியது. உள்ளே அடைபட்ட பற்றீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்காமல் சூத்தை நின்றுவிடும். துளை இல்லை, ஊசி இல்லை.

சீனியைப் பற்றி நீண்டு பேசமாட்டேன். எவ்வளவு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரு கட்டிப் பனங்கட்டியைச் சோற்றுக்குப் பின் சாப்பிட்டு முடிப்பதும், அதையே உடைத்து வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்கப் பிளேன்ரீயோடு கடிப்பதும் பல்லுக்கு ஒன்றல்ல. பனங்கட்டி எங்களுடையது என்பதற்காகப் பற்றீரியா அதற்குச் சலுகை தருவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனி தட்டுப்பட்ட நோர்வே, யப்பான் போன்ற நாடுகளில் பிள்ளைகளின் சூத்தை குறைந்ததை அங்குள்ளவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இனிச் செயலாளரின் கேள்வி. எங்கள் பற்சிகிச்சை அறையில் நடப்பதை நான் இரண்டு தவணையாகப் பார்த்துவருகிறேன். பாடசாலைப் பற்சிகிச்சை என்பது இந்நாட்டின் பெருமைகளில் ஒன்று. நியூசிலாந்து முறையைத் தழுவி, ஐம்பதுகளிலிருந்து மகரகமவில் பயிற்சி பெற்ற பெண்கள் பாடசாலைகளில் உட்கார்ந்து பிள்ளைகளின் பல்லைப் பார்த்து வந்திருக்கிறார்கள், இலவசமாக. எங்கள் அறையில் இருப்பவர் கைதேர்ந்தவர். ஆனால் அவருடைய காற்றழுத்தி மாதத்தில் பாதி நாள் வேலை செய்வதில்லை. காற்றில்லாவிட்டால் பல்லை உலர்த்த முடியாது. பஞ்சால் ஒற்றிப் பார்க்கிறார். விளக்கு மங்கல். வார்னிஷும் பள்ளப் பூச்சும் ஆண்டுக் கடைசியில் முடிந்துவிடுகின்றன. இந்த நிலையில் பல இலட்சம் ரூபா பெறுமதியான லேசர் கருவியை வைத்தால், உலர்த்தாத பல்லில் அது தாறுமாறான எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்த தாய், மத்தியானம் ஒரு தனியார் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள்.

அதேநேரம், அந்த அறைக்கு வராமல் போகும் ஒரு பல் இருக்கிறது. ஆறு வயதில், பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல். ஒரு பல்லும் விழாததால் அதையும் பாற்பல் என்றே தாய்மார் நினைக்கிறார்கள். “அது பாற்பல்லுத்தானே டொக்டர், விழுந்து முளைக்கும்” என்று சொன்ன தாய்க்கு முன்னால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அந்தப் பல்லை நான் பிடுங்கியிருக்கிறேன். ஒருவரல்ல, எத்தனையோ பேர். அது விழுந்து முளைக்காது. முழுதாக மேலெழும்ப அதற்கு ஒரு வருடம்வரைகூட எடுக்கும். அதுவரை பக்கத்துப் பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால் தூரிகை அதைத் தொடாமல் மேலால் போய்விடும். தூரிகையைக் கன்னப்பக்கமிருந்து குறுக்காக விட்டால்தான் தொடும். தரம் ஒன்றிலும் இரண்டிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு, அது எழும்பி வரும் நாட்களிலேயே பள்ளப் பூச்சுப் போட்டுவிட்டால், பிறகு அந்தப் பள்ளத்தில் லேசர் வைத்து அளக்க எங்களுக்குப் பெரிதாக எதுவும் இராது.

ஆகவே கிளைச் சகோதரிகளுக்கு எனது பதில்: ஓம், தாருங்கள், ஆனால் வேறு பட்டியலுக்கு. எண்ணெய் இல்லாத ஒரு நல்ல காற்றழுத்தி, தலையில் அணியும் வெண்ணிற விளக்கு, ஒளியால் இறுகச் செய்யும் கருவி ஒன்று, உருண்டை முனை ஆய்வுக்கோல்கள், மூன்று வருடத்துக்கான பள்ளப் பூச்சும் வார்னிஷும். இவ்வளவும் லேசர் கருவியின் விலைக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். மிச்சம் வந்தால் அந்தக் காற்றழுத்தியைப் பராமரிக்க ஒரு வைப்பு. லேசர் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் இந்த அறை ஒழுங்காக நடந்து, பூச்சுப் போட்ட பற்களையும் சந்தேகமான பள்ளங்களையும் தொடர்ந்து கவனிக்க ஒரு பதிவேடு இருக்குமானால், அப்போது அதற்கு இங்கே நல்ல வேலை உண்டு. அன்று நானே கேட்டு எழுதுவேன்.

வருகிற தவணைத் தொடக்கத்தில் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பார்க்க அதிபர் இரண்டு வெள்ளிக்கிழமைகளைத் தந்திருக்கிறார். பேர் எழுத, பிள்ளைகளை வரிசையில் கூட்டிவர, பயந்த பிள்ளைக்குக் கதை சொல்ல ஆறு பேர் வேண்டும். பல்லைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. கொப்பி வாசலில் இருக்கிறது. தேநீருக்குப் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.